ஆத்தை வலக்கையில பிடி: காரைக்கால்ல ஒரு வட்ட நடை

தங்கச்சி, காரைக்கால்ல மலை கிடையாது. காவிரி கடல்ல சேர்றதுக்கு முன்னாடி கொண்டுவந்து போட்ட வண்டல் மேல உட்கார்ந்திருக்கிற ஊர் இது. ஏற்காடு, கொல்லிமலைன்னு சிநேகிதிகள் போடுற போட்டோவைப் பார்த்துட்டு, "நம்ம ஊர்ல நடக்கிறதுக்கு என்னக்கா இருக்கு?"ன்னு நீ கேட்கிற. குளம் இருக்கு, ஆறு இருக்கு, முகத்துவாரம் இருக்கு, கடலோரத்துல மணல்மேடு இருக்கு. நாலையும் ஒரே சுத்துல சேர்த்து, கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ற மாதிரி ஒரு நடை சொல்றேன். ஆறேழு கிலோமீட்டர் வரும். ஏத்தமே கிடையாது. அறுபது தாண்டின அம்மாவையும் கூட்டிட்டுப் போகலாம், பத்து வயசுப் பிள்ளையையும் கூட்டிட்டுப் போகலாம். நின்னு நிதானிச்சு நடந்தா ரெண்டு, ரெண்டரை மணி நேரம்.

ஏன் வட்டமா போகணும்னு கேட்பே. போன வழியிலேயே திரும்பி வர்ற நடையில, பார்த்ததையே பார்த்துக்கிட்டு வரணும். பாதி வழியில பிள்ளைங்க "போதும், திரும்பலாம்"னு ஆரம்பிச்சுடும். வட்டத்துல பாதி தாண்டிட்டா முன்னால போனாலும் வீடு, பின்னால போனாலும் வீடு. அடம் பிடிக்க வழியே இல்லை.

அம்மையார் குளத்துல ஆரம்பி

பாரதியார் வீதியில காரைக்கால் அம்மையார் கோயில், பக்கத்துலயே சந்திர தீர்த்தக் குளம், எதிர்ல கைலாசநாதர் கோயில். வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கும் அடையாளம் சொல்ல இதைவிடச் சுலபமான இடம் கிடையாது. எந்த ஆட்டோக்காரரிடம் சொன்னாலும் கொண்டுவந்து விடுவார்.

முதல்ல குளத்தைச் சுத்தி மெதுவா நட. தூங்கி எழுந்த காலோட நேரா வேகம் பிடிச்சா கெண்டைக்கால் இழுக்கும். இந்த மெதுநடைதான் காலைச் சூடாக்கும். அந்த நேரத்துல கூட வர்ற பிள்ளைக்கு அம்மையார் கதையைச் சொல்லலாம். புனிதவதின்னு ஒரு பொண்ணு. புருஷன் பரமதத்தன் கடையில இருந்து ரெண்டு மாம்பழம் கொடுத்து அனுப்புறான். பசின்னு வந்த சிவனடியாருக்கு அதுல ஒண்ணைச் சோத்தோட போட்டுடுறா. மத்தியானம் புருஷன் ஒண்ணைச் சாப்பிட்டு இன்னொண்ணையும் கேட்க, உள்ள போய் சாமியை நினைக்கிறா, கையில ஒரு பழம் வருது. ருசியே வேறயா இருக்குன்னு அவன் விசாரிச்சு, நடந்ததைத் தெரிஞ்சுக்கிட்டு, இவ மனுஷியே இல்லைன்னு பயந்து ஊரை விட்டே போயிடுறான். கடைசியில அந்தப் பொண்ணு அழகெல்லாம் வேண்டாம்னு பேய் உருவம் வாங்கிக்கிட்டு, கைலாச மலையைக் காலால மிதிக்கக் கூடாதுன்னு தலையாலேயே நடந்து போனாங்கன்னு பெரியபுராணம் சொல்லுது. கோயில்ல 63 நாயன்மார் வரிசையைப் பார்த்தா, மத்தவங்க நிக்க, இவங்க உட்கார்ந்திருப்பாங்க. அவ்வளவு தூரம் அப்படி நடந்தவங்களுக்கு உட்கார இடம் கொடுக்கிறதுதான் முறைன்னு எனக்குத் தோணும்.

கதை முடியுறதுக்குள்ள குளத்துச் சுத்தும் முடிஞ்சிருக்கும். இப்ப கிளம்பு.

எல்லாத் திருப்பமும் இடக்கைப் பக்கம்

வழியை மனசுல வச்சுக்க ஒரே விதி போதும். நகரத்தை விட்டு அரசலாத்தங்கரைக்கு வா. ஆறு உன் வலக்கைப் பக்கம் இருக்கிற மாதிரி கிழக்கே கடற்கரை வரைக்கும் நட. கடல் வந்ததும் இடப்பக்கம் திரும்பி, கடல் வலக்கையில இருக்க, வடக்கே காரைக்கால்மேடு வரைக்கும் போ. அங்கே மறுபடியும் இடப்பக்கம் திரும்பினா மேற்கே நகரத்துக்கு வர்ற சாலை. முதல்ல ஆறு வலக்கையில, அப்புறம் கடல் வலக்கையில. வரைபடம் தேவையில்லை, போன்ல சார்ஜ் போனாலும் தொலைய மாட்டே. கோயில் பிராகாரத்தை வலம் வர்றதுக்கு இது நேர் எதிர்த் திசைன்னு அம்மா முணுமுணுக்கலாம். இது பிராகாரம் இல்லைன்னு சொல்லிடு.

திசையை மாத்தாதே, அதுல விஷயம் இருக்கு. விடியறதுக்கு முன்னாடி கிழக்கே நடந்தா வெயில் கண்ணுல குத்தாது. சூரியன் மேல வந்து சுட ஆரம்பிக்கும்போது நீ மேற்கே திரும்பியிருப்பே, வெயில் முதுகுலதான் விழும். மணல்ல நடக்கிற கஷ்டமான பகுதி நடை நடுவுல, கால் நல்லாப் பழகின பிறகு வரும். அதைவிட முக்கியம், மீன் வாங்குற இடம் கடைசிப் பகுதியில வருது. மாத்திப் போனா மூணு கிலோ மீனைத் தூக்கிக்கிட்டு நாலு கிலோமீட்டர் நடக்கணும்.

சாயங்காலம்தான் தோதுப்படும்னா கடற்கரை வரைக்கும் போய்ட்டு ஆட்டோவுல வந்துடு. இருட்டுற நேரத்துல தெரியாத மணல்ல வடக்கே நடக்க வேண்டாம்.

ஆத்தோரம்

அரசலாறு காவிரியோட கிளை. கடற்கரைச் சாலை இதோட கரையிலயே போகும். சமதளம், நிதானமா பேசிக்கிட்டே நடக்கலாம். நீளக் காலு நாரை, வெள்ளைக் கொக்கு, இறக்கையை விரிச்சுக் காய வைக்கிற நீர்க்காகம், கம்பி மேல மீன்கொத்தி எல்லாம் இந்தப் பக்கம் கண்ணுல படும். குளிர்காலத்துல முகத்துவாரத்துச் சேத்துல இரை தேடுற சின்னச் சின்ன வலசைப் பறவைகளும் வரும். ஒரு பைனாகுலர் இருந்தா பிள்ளை கையில கொடு, அப்புறம் நடைக்கு அழைக்கவே வேண்டாம்.

இந்த ஆத்தைப் பார்த்தா பிரெஞ்சுக்காரங்க நினைவு வராம இருக்காது. 1739-ல தஞ்சாவூர் மராட்டிய ராஜாகிட்ட இருந்து காரைக்காலை வாங்கினாங்க. நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது 1954 நவம்பர் 1-ம் தேதி. சட்டப்படி ஒப்படைச்சது 1962 ஆகஸ்ட் 16-ல. நடுவுல 19-ம் நூற்றாண்டுல நம்ம பக்கத்து சனங்களைக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் போட்டு ரீயூனியன், குவாடலூப், மார்ட்டினிக் தீவுகளுக்குக் கப்பல்ல அனுப்பினாங்க. பாண்டிச்சேரியும் காரைக்காலும்தான் அதுக்கு வாசல். திரும்பி வராதவங்கதான் நிறைய. அந்தத் தீவுகள்ல இன்னைக்கும் தமிழ்ப் பேரோட, மாரியம்மன் கோயிலோட குடும்பங்கள் இருக்கு. பள்ளிக்கூடப் புத்தகத்துல இதுக்கு ரெண்டு வரிதான் கிடைக்கும். பிள்ளைக்கு நீயே சொல்லு.

முகத்துவாரத்துல குளிக்காதே

இந்த இடத்துல அக்கா கொஞ்சம் குரலை உயர்த்துவேன். ஆறு கடல்ல சேர்ற இடம் பார்க்க அமைதியா இருக்கும், முழங்கால் அளவுதான் தண்ணின்னு தோணும். அடியில மணல் திட்டு ஒவ்வொரு பருவத்துக்கும் இடம் மாறும். நேத்து நின்ன இடத்துல இன்னைக்குப் பள்ளம் இருக்கும். வத்தம் இறங்கும்போது ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் சேர்ந்து வெளியே இழுக்கும். அமாவாசை, பௌர்ணமிக்குப் பக்கத்துல ஏத்தமும் வத்தமும் பெரிசா இருக்கும், இழுப்பும் அதே அளவுக்கு அதிகம். நீச்சல் தெரிஞ்ச ஆம்பளைங்களே தடுமாறுற இடம். "காலை மட்டும் நனைச்சுக்கிறேன்"னு பிள்ளை கேட்டா முகத்துவாரத்தை விட்டு நல்லாத் தள்ளி, ஆளுங்க இருக்கிற பக்கமா, கையைப் பிடிச்சுக்கிட்டு நனைக்கலாம். ஆடையோட உள்ள இறங்குறது, அலையில முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கிறது, ரெண்டும் வேண்டாம்.

யாராவது இழுபட்டா நீயும் பாயாதே. மிதக்கிற பொருள் எதையாவது தூக்கிப் போட்டுட்டு மீனவர்களைக் கூப்பிடு. நீயே இழுபட்டா கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைச்சுப் போகாம, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்பணும். இதைப் பிள்ளைகளுக்கு வீட்டுலேயே சொல்லிக் கொடுத்துடு.

மணல்ல எப்படி நடக்கிறது

கடற்கரையில இருந்து வடக்கே மேட்டுக்குப் போறது ஒன்றரை, ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். ஆனா சாலையில நடக்கிற ரெண்டு கிலோமீட்டர் வேற, மணல்ல நடக்கிறது வேற. காஞ்ச மணல் காலை உள்ள இழுத்து கெண்டைக்காலைக் கடுக்க வச்சுடும். அலை வந்து போய் இறுகின ஈர மணல்தான் நடைபாதை. அலையைப் பார்த்துக்கிட்டு அந்த ஈரக் கோட்டுலயே நட.

வெறுங்கால் சினிமாவுக்குத்தான் அழகு. அறுந்த தூண்டில் முள்ளு, உடைஞ்ச பாட்டில், மீன் முள்ளு எல்லாம் மணலுக்குள்ள கிடக்கும். ரப்பர் செருப்பும் வேண்டாம், சீமைக் கருவேல முள்ளு அதைத் துளைச்சு உள்ள வந்துடும். பின்பக்கம் பட்டை வச்ச சாண்டல்தான் சரி, மணல் உள்ள போனாலும் உதறிட்டு நடக்கலாம். ஷூ போட்டா மணல் வெளியே வராது, கொப்புளம்தான் வரும்.

மேல கரைப்பக்கம் ஊதாப் பூவோட தரையில படர்ந்திருக்கிறது அடம்பங்கொடி. உருண்டையா முள்ளுப் பந்து மாதிரிக் கதிரோட நிக்கிறது ராவணன் மீசை, காஞ்ச பந்து மட்டும் காத்துல உருண்டு ஓடும். இது ரெண்டும்தான் மணலைப் பறக்க விடாம பிடிச்சு வச்சு மேடாக்குது. அதைப் பிடுங்காதே, அது மேல ஏறி மிதிச்சு வழி போடாதே. ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமை ராத்திரியில முட்டையிட வர்ற காலம். அதிகாலையில மணல்ல ரெண்டு பக்கமும் துடுப்புப் போட்ட மாதிரி ஒரு தடம் கடல்ல இருந்து ஏறி இறங்கியிருந்தா அது ஆமைத் தடம். ஆமையையே பார்த்துட்டா டார்ச், ஃபிளாஷ் எதுவும் போடாதே. தடத்தை மட்டும் பார்த்தா தோண்டாம வனத்துறைக்குச் சொல்லு.

மழைக்காலத்துல கரையை ஒட்டித் தண்ணி தேங்கி வழியை மறிக்கும். அப்ப வீரத்தைக் காட்டாம, வந்த ஆத்தோரச் சாலையிலயே திரும்பிடு. வட்டம் உடைஞ்சா ஒண்ணும் குறைஞ்சு போகாது.

மேட்டுல மரியாதை

காரைக்கால்மேடு, அதைத் தாண்டினா கிளிஞ்சல்மேடு. ரெண்டும் மீனவ ஊர். நம்ம ஊர்ல 'மேலே ஏறிட்டோம்'னு சொல்லிக்கிறதுக்கு இருக்கிறது இந்தக் கரையோர மேடுகள்தான். மேட்டுல நின்னு பார்த்தா ஒரு பக்கம் படகு வரிசையும் கடலும், இன்னொரு பக்கம் தென்னையும் ஊரும் தெரியும்.

இது சுற்றுலாத் தலம் இல்லை, சனங்க வேலை பார்க்கிற இடம். விரிச்சுப் போட்ட வலையை மிதிக்காதே, தாண்டிக் குதிக்காதே, சுத்திப் போ. செருப்புக் காலோட வலை மேல நிக்கிறதை அவங்க ரொம்பத் தப்பா எடுத்துப்பாங்க. படகு மேல உட்கார்றதுக்கு முன்னாடி கேளு. கருவாடு காய வைக்கிற பாட்டியை, வலை பின்னுற ஆளைக் கேட்காம போட்டோ எடுக்காதே. "எடுத்துக்கலாமாம்மா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டா, அவங்களே முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டுச் சிரிப்பாங்க. படகைத் தள்ளிக் கரையேத்தும்போது நடுவுல போய் நிக்காதே.

இன்னொண்ணு. 2004 டிசம்பர் 26 சுனாமியில காரைக்கால் பகுதியில ஐந்நூறு பேர் அளவுக்குப் போனாங்க. இந்த மாதிரிக் கடலோர ஊர்கள்ல வாரிக் கொடுக்காத வீடு குறைவு. "அன்னைக்கு அலை எவ்வளவு உயரம் வந்துச்சு?"ன்னு வேடிக்கையாக் கேட்டுடாதே. அவங்களா பேசினா கேட்டுக்கோ.

மீன் வாங்குறதுக்கு ரெண்டு வார்த்தை. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, சின்னப் படகு மட்டும்தான். மீன் கொஞ்சமா வரும், விலை ஏறியிருக்கும். அதுக்காக அவங்களைக் குறை சொல்லாதே. மத்த நாள்ல கரைக்கு வந்த உடனே வாங்குற மீனுக்குக் கண்ணு தெளிவா இருக்கும், செவுள் ரத்தச் சிவப்பா இருக்கும், விரலால அழுத்தினா குழி நிக்காது. காலையில முதல் போணின்னா ரொம்பப் பேரம் பேசாதே. வாங்கின பிறகு வெயில்ல சுத்தாதே, நேரா மேற்கே பிடி. ரெண்டரை, மூணு கிலோமீட்டர்ல குளத்தங்கரைக்கு வந்துடலாம். முடியலைன்னா ஆட்டோ பிடி. அதிகாலையில அங்கே ஆட்டோ நிக்காது, முந்தின நாளே தெரிஞ்ச ஆட்டோக்காரர் நம்பரை வாங்கி வை.

எப்ப போறது

மே, ஜூன்ல ஆறு மணிக்கு முன்னாடியே சூரியன் வந்துடும். ஜனவரியில ஆறரை ஆகும். சூரியன் வர்றதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி குளத்துல இருந்து கிளம்பினா கடற்கரையில உதயம் பார்க்கலாம். கோடையில எட்டு மணிக்குள்ள வீட்டுல இருக்கணும். நம்ம ஊர் வெயிலைவிட அதோட புழுக்கம்தான் ஆளை அடிக்கும். வேர்வை காயவே காயாது, உடம்புச் சூடு இறங்காது. தலை வலிச்சா, வாந்தி வர்ற மாதிரி இருந்தா நடையை அங்கேயே நிறுத்திட்டு நிழல்ல உட்காரு.

என் தேர்வு மார்கழியும் தையும். விடியக்காலையில தெருவெல்லாம் கோலம், லேசான பனி. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழையும் புயலும் வர்ற காலம். துறைமுகத்துல எச்சரிக்கைக் கூண்டு ஏத்தினதா ரேடியோவுல சொன்னா கடற்கரைப் பக்கமே தலை வைக்காதே.

ஆனி மாசம் மாங்கனித் திருவிழா நேரத்துல இந்த நடையை மறந்துடு. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடியில இருந்தெல்லாம் மாம்பழத்தை வாரி இறைப்பாங்க. பாரதியார் வீதியில கால் வைக்க இடம் இருக்காது. அன்னைக்கு நடக்க வேண்டாம், நின்னு பழம் பிடி. சனிக்கிழமை வெளியூர் வண்டியெல்லாம் திருநள்ளாறு சனீஸ்வரனைப் பார்க்க நகரம் வழியாத்தான் வரும். ஞாயித்துக்கிழமை காலைதான் தோது.

வயல் பக்கம் போகணும்னா

கடல் பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சுன்னா, மேற்கே அஞ்சு கிலோமீட்டர்ல திருநள்ளாறு. தர்ப்பாரண்யேஸ்வரர் கோயில், நளன் குளம் ரெண்டையும் பார்த்துட்டு, சுத்தி இருக்கிற வயல் சாலைகள்ல ஒரு மணி நேரம் நடந்து வரலாம். ஆனா சனிக்கிழமையும், ரெண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற சனிப்பெயர்ச்சியும் தவிர்த்துடு.

வயல் அழகு தண்ணியைப் பொறுத்தது. மேட்டூர் அணையை வழக்கமா ஜூன் 12-ல திறப்பாங்க. நாம கடைமடை, தண்ணி வந்து சேர நாளாகும். தண்ணி குறைஞ்ச வருஷத்துல வராமலே போறதும் உண்டு. 2018-ல உச்ச நீதிமன்றம் சொன்ன காவிரித் தீர்ப்புலயும் புதுச்சேரி பங்கு 7 டி.எம்.சி.தான், அது காரைக்கால் வயலுக்குத்தான். சம்பா நட்டுப் பச்சை பிடிக்கிற ஐப்பசி, கார்த்திகையும், கதிர் முத்தி மஞ்சளாகிற தை மாசமும் பார்க்க நல்லா இருக்கும். அறுவடை முடிஞ்சு உளுந்தும் பயறும் நிக்கிற மாசி, பங்குனியில வழி காஞ்சிருக்கும், நடக்கச் சுலபம்.

வரப்புல ஒருத்தர் பின்னால ஒருத்தரா போகணும். புதுசா அண்டை வெட்டிச் சேறு பூசின வரப்புல ஏறாதே, ஒரு மிதியில ஒரு நாள் வேலை போயிடும். எதிர்ல நாத்துக்கட்டோட ஆள் வந்தா நீதான் ஒதுங்கணும். நண்டு வளை, எலி வளைக்குள்ள கையை விடாதே. கண்ணாடி விரியன் நம்ம வயல்ல உண்டு, அதுவும் அறுவடை சமயத்துல வைக்கோல்ல சுருண்டு கிடக்கும். அரையிருட்டுல நடந்தா டார்ச்சைக் கால் பக்கம் அடிச்சுக்கிட்டே போ. கடிச்சுட்டா கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே. ஆளை நடக்க விடாம, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காம 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போ. விஷமுறிவு மருந்து அங்கேதான்.

படி ஏறினாத்தான் திருப்தின்னு சொல்றவங்களை சிக்கலுக்குக் கூட்டிட்டுப் போ. நாகப்பட்டினத்துக்கு மேற்கே, பஸ்லயே போயிடலாம். மலையே இல்லாத டெல்டாவுல கோச்செங்கட் சோழன் மேடை எழுப்பிக் கட்டினதாச் சொல்ற மாடக்கோயில்ல அதுவும் ஒண்ணு. நவநீதேஸ்வரர் மேல தளத்துல இருப்பார், குளமும் பக்கத்துலயே. குளத்தைச் சுத்திட்டுப் படியேறிட்டா அன்னைக்கு மலையேறின கணக்குதான்.

பெண்கள் தனியாப் போறப்போ

தனியாப் போறதுல தப்பில்லை, ஆனா விடியறதுக்கு முன்னாடி மணல் பகுதிக்கு மட்டும் துணையோட போ. ரெண்டு பேர் போதும், எட்டுப் பேர் சேர்ந்தா அது நடை இல்லை, கல்யாண ஊர்வலம். நம்ம ஊர்ல சாராயக் கடை நிறைய, குடிக்கிறதுக்குன்னே வெளியூர்ல இருந்து வர்றவங்களும் உண்டு. சனி, ஞாயிறு சாயங்காலம் கடற்கரை ஒதுக்குப்புறத்துல இருட்டுன பிறகு நிக்காதே. கிளம்பும்போது எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன்னு வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போ.

கழிப்பறை விஷயத்தை யாரும் எழுத மாட்டாங்க, நான் எழுதுறேன். அதிகாலையில கடற்கரைப் பக்கம் எதுவும் திறந்திருக்காதுன்னே கணக்கு வை. வீட்டுலேயே போய்ட்டு வா. அதுக்காகத் தண்ணி குடிக்காம நடக்காதே, அந்தப் பழக்கம்தான் நம்ம பொண்ணுங்களுக்கு நீர்க்கடுப்பைக் கொண்டு வருது.

தெருநாய் கூட்டமா வந்தா ஓடாதே. நில்லு, குடையைத் தரையில தட்டு, பக்கவாட்டா மெதுவா நகரு. கடிச்சுட்டா சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு, அன்னைக்கே ஊசி போட்டுக்கணும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதே.

பையில என்ன

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி. கோடைன்னா அதுல பாதி உப்புப் போட்ட நீர்மோரா இருக்கட்டும். மடக்குக் குடை, சின்ன டார்ச், ஒரு கைத்துண்டு, சில்லறைக் காசு. வேர்க்கடலை உருண்டை ரெண்டு எடுத்துக்க. வெறும் வயித்துல நடக்காதே, ரெண்டு வாழைப்பழமாவது சாப்பிட்டுக் கிளம்பு. நடை முடிஞ்சதும் டீக்கடை. இறால் வச்ச வாடா சாயங்காலத்துப் பண்டம், காலையில தேடி ஏமாறாதே. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுற அம்மா கூட வந்தா கையில மிட்டாய் இருக்கணும்.

கடைசியா ரெண்டு காலிப் பை. ஒண்ணு மீனுக்கு. இன்னொண்ணு குப்பைக்கு. நீ கொண்டு போன பாட்டிலும் உறையும் மட்டும் போதாது, வழியில கண்ணுல படுற நாலு பிளாஸ்டிக்கையும் பொறுக்கிப் போடு. மேட்டுக்காரங்க வலையில மீனைவிட அதுதான் அதிகமா மாட்டுதுன்னு புலம்புறாங்க. ரெண்டு பையும் ஒரே நிறத்துல வேண்டாம் தங்கச்சி, வீட்டுக்கு வந்து திறக்கும்போது மாறிடக் கூடாது.